98 விநாடி நிலைத்தது, 360 விநாடி நழுவியது: தொடர் மேலறை உதறலுக்குக் கிரையோ பலூன் சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனி நோயாளியின் மருத்துவக் கோப்பு அல்ல. கிரையோ பலூன் சிகிச்சையில் (கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியே இதயத்துக்குள் பலூனைச் செலுத்தி, திசுவை உறையவைத்துச் செயலிழக்கச் செய்யும் முறை) அடிக்கடி எதிர்ப்படும் சூழல்களை ஒரே நோயாளியின் மீது ஏற்றி, கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு. அளவுகள் எல்லாம் சிகிச்சைக்கூடத்தில் வழக்கமாகக் காணும் வரம்புக்குள்ளேயே உள்ளன.

நோயாளி

61 வயது ஆண். பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பு அடங்குவதில்லை என்பது முறையீடு. இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை உதறல். கீழறைத் துடிப்பு நிமிடத்துக்கு 112. எக்கோவில் இடது மேலறையின் விட்டம் 45 மி.மீ., கீழறையின் வெளியேற்று விகிதம் (ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 48 சதவீதம், வால்வுகளில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. தைராய்டு சரி. உறக்கப் பரிசோதனையில் நடுத்தர அளவு மூச்சுத்தடை இருந்ததால் உறக்கத்தில் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி தொடங்கப்பட்டது. இதைக் கவனிக்காமல் விட்டால் எந்தக் கதீட்டர் சிகிச்சையும் பாதிப் பலன்தான் தரும்.

இரத்தம் உறைவதைத் தடுக்க அபிக்சாபன் 5 மி.கி. தினம் இருவேளை, துடிப்பைக் குறைக்கப் பிசோப்ரோலால் 5 மி.கி., தாளத்தைக் காக்க அமியோடரோன் ஆகியவை கொடுக்கப்பட்டன. ஐந்து வாரம் கழித்து மின்அதிர்வு மூலம் தாளம் சீராக்கப்பட்டது. சீரான தாளம் 19 நாள் தாங்கியது. அந்த நாட்களில் நோயாளிக்கு மூச்சுவாங்கல் இல்லை, நடை கூடியது. அதிர்வு தோற்றுப்போனதாக இதை எழுதி முடித்துவிடுவது தவறு. தாளம் சீரானால் இவருக்குப் பயன் உண்டு என்பதற்கு இதைவிட நம்பகமான சோதனை இல்லை. 19 நாளிலும் எதுவும் மாறியிருக்காவிட்டால், அடுத்த படிக்குப் போகலாமா என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

உதறல் திரும்பி நான்கு மாதமாகத் தொடர்ந்து நீடித்தது. ஏழு நாளுக்கு மேல் தானாக நிற்காவிட்டால் அது தொடர் வகை; 12 மாதம் தாண்டினால் நீண்டகாலத் தொடர் வகை. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2020-இல் ஆர்க்டிக் ஃப்ரண்ட் அட்வான்ஸ் பலூனுக்குத் தொடர் வகையில் ஒப்புதல் தந்தபோது, நடப்பு உதறல் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. இவர் அந்த வரம்புக்குள் வருகிறார்.

என்ன சொல்லி ஒப்புதல் வாங்குவது

1998-இல் ஹைசாகேர் குழு, உதறலைத் தூண்டும் கூடுதல் துடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து கிளம்புவதைக் காட்டியது. சிரையும் மேலறையும் சேரும் வாயைச் சுற்றி மின்தடை வளையம் போட்டு, மின்னோட்டம் கடக்காதபடி சிரையைத் தனிமைப்படுத்துவதுதான் அன்றிலிருந்து சிகிச்சையின் அடித்தளம். இடைவிட்டு வரும் உதறலில் குளிரும் ரேடியோ அலை வெப்பமும் சமமான பலன் தருவதை 762 பேரைக் கொண்ட ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வு 2016-இல் உறுதிசெய்தது. தொடர் வகையில் எண்கள் இறங்குகின்றன. ஸ்டாப் பெர்சிஸ்டென்ட் ஏ.எஃப். ஆய்வில், 12 மாத முடிவில் எந்த மேலறைத் தாளக் கோளாறும் திரும்பாதவர்கள் 54.8 சதவீதம், கிரையோ-ஃபோர்-பெர்சிஸ்டென்ட் ஆய்வில் 60.7 சதவீதம். எனவே இவரிடம் சொல்லப்பட்டது: ஒரே அமர்வில் நிலைக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், இரண்டாவது அமர்வு தேவைப்படலாம். அதைவிட நம்பிக்கையூட்டும் எண்ணைச் சொல்லி ஒப்புதல் வாங்கினால், மூன்றாம் மாதத்தில் அது நோயாளியின் கோபமாகத் திரும்பி வரும்.

தொடர் வகை என்பதால் சிரைகளோடு நிறுத்தாமல் மேலறையின் கூரையில் ஒரு கோடு, பின்சுவர் என்று கூடுதலாகச் சுடலாமா, உறைய வைக்கலாமா என்ற கேள்வி எழும். 2015-இல் வெளியான ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில் சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தியவர்களில் 59 சதவீதம் பேர் உதறலின்றி இருந்தனர். கூடுதல் புள்ளிகளோ கோடுகளோ போட்டவர்கள் 49, 46 சதவீதம். முதல் அமர்வில் நான்கு சிரைகள் மட்டும் என்று முடிவானது.

குளிர் என்ன செய்கிறது

பலூனுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு பீய்ச்சப்பட்டு வாயுவாக மாறும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. முதலில் செல்களுக்கு வெளியே பனிப்படிகம் உருவாகி, செல்லிலிருந்து நீரை இழுக்கிறது. இன்னும் வேகமாகக் குளிர்ந்தால் செல்லுக்குள்ளேயே படிகம் உண்டாகிறது. பனி உருகும்போது சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிதாகிச் சவ்வைக் கிழிக்கின்றன. நுண்குழாய்களில் இரத்தம் நின்று மீதியும் மடிகிறது. இணைப்புத் திசுவின் கட்டமைப்பு பெரும்பாலும் அப்படியே நிற்பதால், சுடும் முறையைக் காட்டிலும் உட்சுவரில் இரத்தக்கட்டி உருவாவது குறைவு.

திரையில் தெரியும் வெப்பநிலை திசுவினுடையது அல்ல. வெப்பமானி பலூனின் பின்பக்கம், வாயு திரும்பும் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் 48 என்று திரை காட்டும்போது சிரையின் ஒரு ஓரத்தில் 37 டிகிரி இரத்தம் கசிந்துகொண்டிருந்தால், அந்த ஓரத்துத் திசு வெறுமனே மரத்துப் போயிருக்கும், சாகாது. மரத்த திசு அன்றைக்கு மின்னோட்டத்தைக் கடத்தாது. சில வாரம் கழித்துக் கடத்தும். கிரையோ பலூன் சிகிச்சையின் பல தோல்விகள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

செயல்முறை

முந்தைய சி.டி.யில் நான்கு தனித்தனிச் சிரை வாய்கள். இடப்பக்கச் சிரைகள் இரண்டும் ஒரே தண்டாகச் சேர்ந்திருக்கவில்லை. வலது கீழ்ச் சிரை தாழ்வாகவும் பின்னோக்கியும் திரும்பி, வாயை ஒட்டியே கிளை பிரிந்திருந்தது. இதை அப்போதே சிவப்பு மையால் வட்டமிட்டிருக்க வேண்டும். அபிக்சாபன் நிறுத்தப்படவில்லை. அன்று காலை உணவுக்குழாய் வழி எக்கோவில் மேலறைச் செவிமடலில் (மேலறையை ஒட்டிய சிறு பை) இரத்தக்கட்டி இல்லை என்று உறுதியானது.

பொது மயக்கம். தசைத் தளர்வு மருந்து தொடக்கத்தில் மட்டும். வலது சிரைகளுக்கு வரும்போது அதன் தாக்கம் முழுவதும் நீங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் உதரவிதான நரம்பைக் கண்காணிக்க வழியில்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்து வலது தொடைச் சிரையில் துளை. உறைவைத் தடுக்கக் கிலோவுக்கு 100 யூனிட் ஹெப்பாரின், மேலறைகளுக்கு நடுவிலுள்ள இடைச்சுவரைத் துளைக்கும் முன்பே. உறைவு நேரம் 300 விநாடிக்கு மேல் இருக்குமாறு 20 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட்டது.

இடைச்சுவர்த் துளை, அச்சுவரின் மெல்லிய பள்ளமான ஃபோசா ஓவாலிஸின் கீழ்ப்பகுதியில், முன்புறமாக விழ வேண்டும். அங்கிருந்துதான் வலது கீழ்ச் சிரையை நோக்கி ஷீத்தை (பலூனை உள்ளே கொண்டுசெல்லும் வெளிக்குழாய்) வளைக்க இடம் கிடைக்கும். இந்த நிகழ்வில் ஊசி நடுவிலும் சற்றே பின்புறத்திலும் நழுவி இறங்கியது. இடப்பக்கச் சிரைகளுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லாததால், திரும்பத் துளைக்காமல் வேலை தொடர்ந்தது.

உள்விட்டம் 12 ஃபிரெஞ்ச், வெளிவிட்டம் 15 ஃபிரெஞ்ச் (கதீட்டர் தடிமனின் அலகு) கொண்ட வளையும் ஷீத் உள்ளே போனது. இவ்வளவு அகலமான ஷீத்தில் பெரிய ஆபத்து காற்று. பலூனை உப்புநீருக்குள் மூழ்கவைத்து, உறையை அங்கேயே நீக்கி, குமிழிகளைத் தேய்த்து அகற்றிய பிறகே நுழைக்க வேண்டும். ஷீத்திலிருந்து இரத்தத்தை உறிஞ்சும்போது மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் வால்வு வழியே காற்று உள்ளே வரும். காற்று உள்ளே போனால் பெரும்பாலும் வலது கொரோனரி தமனியில்தான் போய் நிற்கும்: இ.சி.ஜி.யின் கீழ்ப்புற லீடுகளில் எஸ்.டி. உயர்வு (இதயத்தசைக்கு இரத்தம் தடைபடுவதன் அடையாளம்), இரத்த அழுத்த வீழ்ச்சி. சில நிமிடங்களில் தானாகச் சரியாவதுண்டு என்றாலும், அந்தச் சில நிமிடங்கள் நீண்டவை.

பலூன் 28 மி.மீ. இரண்டாம் தலைமுறை. இதில் எட்டு பீய்ச்சுத் துளைகள் இருப்பதால் முன்பாதி முழுவதும் குளிர்கிறது. பலூனின் நடுக்குழல் வழியே 20 மி.மீ. வட்டச் சுருள் கதீட்டர். சிரைக்குள்ளிருக்கும் மின் சமிக்ஞையைப் படிக்க.

தொடக்கத்தில் 200 ஜூல் மின்அதிர்வு கொடுத்ததும் தாளம் சீரானது, நாலு நிமிடத்தில் உதறல் திரும்பியது. அதனால் உதறலோடே உறையவைத்தல் தொடங்கியது.

இடது மேல் சிரை: பலூன் மேலறையில் விரிக்கப்பட்டு, வாயில் அழுத்தி வைக்கப்பட்டது. சிரைக்குள் வைத்து விரிப்பது கூடாது. சிரை சுருங்கிப்போகும் அபாயம் அதனால்தான் வருகிறது. பாதிக்குப் பாதி நீர்த்த கான்ட்ராஸ்ட் சாயம் செலுத்தியதும் சிரைக்குள் அப்படியே தேங்கி நின்றது, கசிவே இல்லை. சமிக்ஞை 41-ஆம் விநாடியில் மறைந்தது. 180 விநாடி உறையவைத்தல், மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 49. நிறுத்திய பின் பூஜ்ஜியத்துக்கு ஏற 14 விநாடி எடுத்தது. உருகும்போது துடிப்பு திடீரெனக் குறைந்து மூன்று விநாடி இடைவெளி விழுந்தது. இந்தச் சிரையை ஒட்டிய நரம்புத் திரள்கள் தூண்டப்படுவதால் வருவது. கீழறையில் பேசிங் கம்பி (மின்தூண்டலால் துடிக்கவைக்கும் கம்பி) தயாராக இருந்தால் போதும்.

இடது கீழ்ச் சிரை: அடைப்பு நன்று, 38-ஆம் விநாடியில் சமிக்ஞை மறைந்தது. ஆனால் உணவுக்குழாய் வெப்பமானி 155-ஆம் விநாடியில் 18 டிகிரியைத் தொட்டதால் நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் அது இறங்கிக்கொண்டே போய் 16 வரை வந்தது. எல்லை 15 என்று வைத்துக்கொண்டு 15-இல் நிறுத்தினால், உண்மையில் 12, 13 வரை போய்விடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வலது கீழ்ச் சிரையில்தான் சிக்கல். துளை பின்புறமாக இருந்ததால் ஷீத் எவ்வளவு வளைந்தாலும் பலூன் சிரையின் அச்சுக்கு நேராக நிற்கவில்லை. சாயம் கீழ் ஓரம் வழியே மேலறைக்குத் திரும்பக் கசிந்தது. அந்த நிலையிலேயே குளிரூட்டல் தொடங்கி, மேல் ஓரம் ஒட்டிக்கொண்ட பின், 60-ஆம் விநாடிவாக்கில் ஷீத்தையும் பலூனையும் சேர்த்து மெல்லக் கீழே இழுத்துக் கசிவை அடைக்கும் உத்தி கையாளப்பட்டது. 88-ஆம் விநாடியில் சமிக்ஞை மறைந்தது. வெப்பநிலை மைனஸ் 37-ஐத் தாண்டி இறங்கவில்லை. உருகி பூஜ்ஜியத்துக்கு வர ஆறே விநாடி. இரண்டாவது முறை 180 விநாடி. மைனஸ் 39, உருகல் ஏழு விநாடி. மொத்தம் 360 விநாடி. சுருள் கதீட்டர் சமிக்ஞை இல்லை என்றது.

வலது மேல் சிரை, வேண்டுமென்றே கடைசி. உதரவிதான நரம்பு மேற்பெருஞ்சிரையின் வெளிச்சுவரை ஒட்டி இறங்கி, இந்தச் சிரையின் முன்புறமாகக் கடக்கிறது. மேற்பெருஞ்சிரையில், பலூனுக்கு மேலே ஒரு கதீட்டரை வைத்து நிமிடத்துக்கு 50 முறை நரம்பு தூண்டப்பட்டது. வலது கீழ்ச் சிரையிலும் இதே ஏற்பாடுதான். ஒருவர் வலது விலா ஓரத்தில் உள்ளங்கை வைத்து ஒவ்வொரு துள்ளலையும் உணர வேண்டும். கூடவே உதரவிதானத் தசையின் மின் அலையும் பதிவாகும்: ஒரு மின்முனை மார்பெலும்பின் கீழ் நுனிக்கு 5 செ.மீ. மேலே, மற்றொன்று வலது விலா விளிம்பில் 16 செ.மீ. தள்ளி. தசையலை கைக்கு முன்பே எச்சரிக்கும். கையில் துள்ளல் மெலியும்போது நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

அடைப்பு முழுமை. 32-ஆம் விநாடியில் தனிமை. தொடக்க தசையலை 0.80 மில்லிவோல்ட். 90-ஆம் விநாடி வரை அசையவில்லை, பிறகு 0.70, 0.61, 98-ஆம் விநாடியில் 0.52. 30 சதவீத வீழ்ச்சி நிறுத்தும் எல்லை. அலை அதைத் தாண்டிவிட்டது. நிறுத்துப் பொத்தான் இரண்டு முறை அழுத்தப்பட்டது. ஒருமுறை அழுத்தினால் வாயு மட்டும் நிற்கும், பலூன் 20 டிகிரிக்கு ஏறும்வரை விரிந்தே ஒட்டியிருந்து குளிரைத் தொடர்ந்து கடத்தும். இரண்டாவது அழுத்தம் அப்போதே பலூனைச் சுருக்கிவிடும். அந்தச் சில விநாடிகள்தான் தற்காலிக முடக்கத்துக்கும் மாதக்கணக்கான முடக்கத்துக்கும் இடையில் நிற்பவை.

தூண்டும் கதீட்டர் இடம் பெயர்ந்ததால்தான் அலை குறைந்ததோ என்று சரிபார்க்கலாம். நிறுத்திய பிறகு சரிபார்க்கலாம். முதலில் சரிபார்க்கப் போவது நாம் பார்த்த பழக்கங்களிலேயே மோசமானது. இங்கே கதீட்டர் நகரவில்லை. நான்கு நிமிடத்தில் அலை 0.74-க்கு மீண்டது. 32 விநாடியிலேயே தனிமை கிடைத்துவிட்டதால், மறுபடி உறையவைக்கவில்லை.

மீண்டும் 200 ஜூல். இம்முறை சீரான தாளம் நிலைத்தது. இதயத்தின் பின்புறச் சிரையான கொரோனரி சைனஸிலிருந்து பேசிங் செய்து, இடப்பக்கச் சிரைகளில் தெரிந்த சிறு அலைகள் பக்கத்துச் செவிமடலின் நிழல்தான் என்று பிரித்தறியப்பட்டது. 20 நிமிடம் காத்திருந்து நான்கு சிரைகளிலும் உள்நுழைவுத் தடையும் வெளியேறல் தடையும் (மின்னோட்டம் சிரைக்குள் போகாததும், வெளியே வராததும்) பார்த்தாயிற்று. எக்கோவில் இதய உறையில் நீர் இல்லை. தொடையில் எட்டு வடிவத் தையல், ஆறு மணி நேரப் படுக்கை, மாலையில் அபிக்சாபன். ஆறு வாரத்துக்கு அமிலத் தடுப்பு மாத்திரை.

வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் ஒரு தாள் கொடுக்கப்பட வேண்டும்: முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கைகால் மரத்தல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் உடனே வர வேண்டும். மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுவது குளிரில் மிக மிக அரிது, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. சந்தேகம் வந்தால் சாயம் கொடுத்த மார்பு சி.டி.தான் எடுக்க வேண்டும். எண்டோஸ்கோபி செய்யக்கூடாது, உள்ளே ஊதும் காற்று துளை வழியே மேலறைக்குப் போய் மூளையை அடைக்கும்.

தொடர் கவனிப்பு

மூன்றாம் வாரத்தில் உதறல் திரும்பியது. உறைந்த திசுவின் அழற்சி ஓயாத காலம் இது. திரும்பும் உதறலைத் தோல்வியாகக் கணக்கில் சேர்க்காத, முன்பு மூன்று மாதம் என்று வைத்திருந்த இந்தக் காலத்தை, 2024 சர்வதேச ஒருமித்த அறிக்கை எட்டு வாரமாகக் குறைத்தது. அதிர்வு கொடுத்துத் தாளம் மீட்கப்பட்டு, எட்டாம் வாரத்தோடு அமியோடரோன் நிறுத்தப்பட்டது. மூன்றாம் மாதத்தில் வெளியேற்று விகிதம் 57 சதவீதம். வேகத் துடிப்பால் மட்டுமே தளர்ந்திருந்த தசை என்பது அப்போது தெளிவானது.

ஏழாம் மாதத்தில் மணிக்கணக்கில் நீளும் படபடப்பு. ஏழு நாள் ஹோல்டரில் (உடலில் அணியும் தொடர் இ.சி.ஜி. பதிவு) பலமுறை உதறல். தொடர் வகை இடைவிட்ட வகையாக மாறியிருந்தது. இரண்டாவது அமர்வில் துளை கீழாகவும் முன்புறமாகவும் போடப்பட்டு, அடர் மின்முனை கொண்ட கதீட்டரால் மேலறை முழுவதும் வரைபடமாக்கப்பட்டது. இடப்பக்கச் சிரைகள் இரண்டும் அசையாமல் தனித்திருந்தன. 98 விநாடியில் அறுத்து நிறுத்திய வலது மேல் சிரையும் தனித்தே இருந்தது. 360 விநாடி உறையவைத்த வலது கீழ்ச் சிரை, கீழ்-பின் ஓரத்தில், சாயம் கசிந்த அதே இடத்தில், ஒரு விரற்கடை அகல இடைவெளி வழியே மீண்டும் கடத்திக்கொண்டிருந்தது.

அந்த ஓரத்தில் ரேடியோ அலையால் நான்கு புள்ளிகள். மூன்றாவது புள்ளியிலேயே சிரை தனிமைப்பட்டது. பின்சுவரின் மின்னழுத்தம் இயல்பாக இருந்ததால் கூடுதல் கோடுகள் இல்லை.

எந்த எண் எதைச் சொன்னது

இரண்டு வலது சிரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உறையவைத்த நேரம் எதையும் கணிக்கவில்லை. தனிமைக்கு ஆன நேரமும் உருகும் நேரமும் கணித்தன. 60 விநாடிக்குள் சமிக்ஞை மறைந்து, பூஜ்ஜியத்துக்கு ஏற 10 விநாடிக்கு மேல் ஆனால் வளையம் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். 88 விநாடியும் ஆறு விநாடியும் அன்றைக்கே தோல்வியைச் சொல்லிவிட்டன. இரண்டாவது உறைவும் அதே கோணத்தில், அதே கசிவோடு போடப்பட்டதால் அதே ஓரத்தை மறுபடி மரக்க வைத்ததே தவிர வேறெதுவும் செய்யவில்லை. பலூனை அவிழ்த்துச் சுருள் கதீட்டரை வேறு கிளைக்கு மாற்றி அச்சைத் திருப்புவது, அதுவும் பலிக்காவிட்டால் இடைச்சுவரைத் தாழ்வாக மறுபடி துளைப்பது. இவை கூடுதல் இருபது நிமிடம் எடுத்திருக்கும்.

வெப்பநிலை மிக வேகமாக இறங்குவதும் நல்ல செய்தி அல்ல. 40 விநாடிக்குள் மைனஸ் 55-ஐ எட்டினால் பலூன் சிரைக்குள் ஆழமாகப் புகுந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். வலப்பக்கம் என்றால் நரம்புக்கு அருகில். மைனஸ் 60-இல் எங்கே இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது அமர்வுக்குப் பின் 12 மாதம். மூன்று முறை எடுத்த ஏழு நாள் ஹோல்டரில் உதறல் இல்லை; உதரவிதானம் இரு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறது. பிசோப்ரோலால் இரத்த அழுத்தத்துக்காக 2.5 மி.கி. அபிக்சாபன் அதே அளவில் தொடர்கிறது: உயர் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, முன்பு தளர்ந்த கீழறைக்கு ஒன்று என்று பக்கவாத அபாய மதிப்பெண் 2. ஹோல்டர் முடிவைக் காட்டி மாத்திரையை நிறுத்தலாமா என்று நோயாளி கேட்டார். அந்த மதிப்பெண்ணில் தாளத்துக்கு இடமே இல்லை என்பதால் நிறுத்தப்படவில்லை.